கழுவி ஊற்றிய தண்ணீர்

திங்கட்கிழமை காலை ஏழேகால் மணிக்கு, தலை நிறைய ஷாம்பு நுரையோடு அவள் நின்றுகொண்டிருந்தபோது கீழேயிருந்து குரல் கேட்டது. மேலே யாரும் தண்ணீர் ஊற்ற வேண்டாம், எங்கள் பாத்ரூமில் ஏறி வருகிறது என்று தையலக்கா மாடிப்படியின் அடியில் நின்று சொன்னார். குரலில் கோபம் இல்லை. யாரோ குடையை மறந்து வைத்துவிட்டுப் போனதைச் சொல்வது போலத்தான் சொன்னார். ஆனால் இரண்டாம் மாடியில் குழாயை மூடிய அவளுடைய கை குழாயின் மேலேயே இருந்துவிட்டது. என்ன நடந்திருக்கிறது என்று அவளுக்கு அந்த நொடியே தெரிந்துபோயிற்று.

நுரையைத் துண்டால் துடைத்துக்கொண்டு இறங்கி ஓடினாள். கீழ்வீட்டுக் குளியலறையில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. மேலே மிதந்த நுரையில் அவளுடைய ஷாம்பு வாசனையே அடித்தது. தையலக்கா குவளையால் மொண்டு வாளியில் ஊற்றி, வாளியைத் தூக்கிக்கொண்டுபோய்த் தெருவோரம் கொட்டிக்கொண்டிருந்தார். "நீ எதுக்கும்மா வந்தே, வேலைக்கு நேரமாச்சுல்ல" என்றார்.

அந்தக் கட்டடத்தில் மொத்தமே மூன்று குடித்தனம். கீழே தையலக்கா, ஒண்டி ஆள். முன்னறையில் இரண்டு மெஷின் போட்டு, பள்ளிக்கூடச் சீருடையிலிருந்து சோபா உறைவரை தைப்பவர். முதல் மாடியில் வீட்டு ஓனரும் மனைவியும். ஓனர் கட்டட வேலையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். சுவரைத் தட்டிப் பார்க்காமல் ஒரு வீட்டுக்குள் நுழையமாட்டார். இரண்டாம் மாடியில் அவளும் கணவனும். அவள் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளர். கணவன் பஸ் டெப்போவில் டைம்கீப்பர். ஆறு வருஷத்தில் நான்கு வீடு மாறியவர்கள். இந்த வீட்டில்தான் இரண்டு வருஷம் முழுசாகத் தாக்குப் பிடித்திருந்தார்கள். ஒப்பந்தத்தை அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும்.

அவள் ஒன்றும் கூடாத காரியம் செய்துவிடவில்லை. பூந்தொட்டி செய்தாள், அவ்வளவுதான்.

டெப்போவுக்கு எதிரே 'எதை எடுத்தாலும் ஒரே விலை' கடை ஒன்று இருந்தது. அங்கே பிளாஸ்டிக் கிண்ணமும் டம்ளரும் வாங்குவாள். பெரிய கிண்ணத்தின் உள்பக்கம் எண்ணெய் தடவி, சிமெண்டும் சலித்த மணலும் கலந்து பாதிவரை ஊற்றி, நடுவில் டம்ளரை அழுத்தி, அது மிதந்து எழாமலிருக்க அதற்குள் கூழாங்கல்லைப் போட்டு வைப்பாள். அடியில் ஓட்டை விழ, ஒரு துண்டு உறிஞ்சுகுழல். மறுநாள் கிண்ணத்தைக் கவிழ்த்துத் தட்டினால் தொட்டி வந்துவிடும். கொஞ்ச நாளில் கை தேறிவிட்டது. அதே கடையில் விற்ற, வாசலில் போடுகிற ரப்பர் மிதியடியை வெட்டிக் கிண்ணத்துக்குள் சுற்றிவைத்து ஊற்றினால், மிதியடியின் பூவேலை அப்படியே தொட்டியின் மேல் பதிந்தது. சிமெண்டில் நீலப் பொடி கலந்தாள். பார்த்தவர்கள் யாரும் இதைக் கால் மிதியடி என்று சொல்லமாட்டார்கள். "கால்ல மிதிக்கிறத கூடத்துல வச்சுட்டே" என்று கணவன் சிரித்தான்.

முதலில் செய்த நல்ல தொட்டியை ஓனரம்மாவுக்குக் கொடுத்தாள். அடுத்ததைப் பார்த்த பல் டாக்டர், காத்திருக்கும் அறை ஜன்னலுக்கு எட்டு வேண்டும் என்றார். உள்ளே பல் குடைகிற மெஷின் சத்தம் கேட்கிற நேரத்தில் வெளியே உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கண்ணை வைக்க ஏதாவது இருக்கட்டும் என்றார். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் எட்டையும் முடித்தாள். ஒவ்வொரு ஞாயிறும் வேலை முடிந்தபின் கலந்த வாளியையும் கரண்டியையும் கைகளையும் கழுவி, அந்தத் தண்ணீரைக் குளியலறையில்தான் ஊற்றினாள். பார்க்க வெறும் நீல நிறத் தண்ணீர். கடைசி ஞாயிறு, அதாவது நேற்று, வாளி கனமாக இருந்தது. அதை ஊற்றியது கணவன்.

தையலக்காவின் குளியலறை வாசலில் அவள் இன்னும் நின்றுகொண்டிருக்கும்போதே ஓனர் இறங்கி வந்தார். எட்டிப் பார்த்தார். காலை மட்டும் நனைத்துக்கொள்ளவில்லை.

"போன வருஷமும் இதேதான். நூலு. துணி வெட்டு. எத்தனை தடவை சொல்றது?"

துணி அலசும்போது வடிகட்டி வைத்துத்தான் தண்ணீர் விடுகிறேன் என்று தையலக்கா மெதுவாகச் சொன்னார். ஓனர் அதைக் காதில் வாங்கவில்லை. பிளம்பர் நாளைக் காலையில்தான் வருவான், அதுவரை எல்லாரும் தண்ணீரை அளந்து செலவழியுங்கள் என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பி, உங்களுக்குத்தான் வேலைக்குப் போகிற நேரத்தில் கஷ்டம் என்று இரக்கப்பட்டார். அவள் தலையை ஆட்டினாள். எதற்கு ஆட்டினோம் என்று மேலே ஏறும்போதுதான் யோசித்தாள்.

பல் மருத்துவமனையில் அன்று வாயைத் திறந்து உட்கார்ந்திருந்தவர்களைவிட அவளுக்குத்தான் அதிகம் வியர்த்தது. எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிக்க வேண்டிய இடத்தில் அவள் பிடிக்காததால், டாக்டர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். பல் அச்சு எடுக்கிற பின்னறையில் கை கழுவும் தொட்டிக்கு மேலே ஒரு அட்டை ஒட்டியிருந்தது. 'பிளாஸ்டர் கழுவிய தண்ணீரை இங்கே ஊற்றாதீர்கள். வாளியில் தேக்கி வைக்கவும்.' ஐந்து வருஷத்துக்கு முன் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் ஊற்றிக் குழாய் அடைத்துக்கொண்டபோது, அவளைக் கூப்பிட்டுக் கண்டித்துவிட்டு இவள் தன் கையாலேயே எழுதி ஒட்டிய அட்டை. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை. தெரிந்ததுதான். வீட்டில் அது ஞாபகத்துக்கு வரவில்லை. அல்லது வந்து, ஒரு வாளித் தண்ணீர்தானே என்று ஒதுக்கிவிட்டாளோ என்னவோ. இப்போது அதை எவ்வளவு கிண்டினாலும் பதில் வரவில்லை.

மதியம் கணவனுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னாள். அவனுக்குப் பின்னால் பஸ் இரைந்தது.

"யாராச்சும் கேட்டாங்களா?"

"இல்ல. ஆனா தையலக்காதான்னு..."

"அப்ப நீ எதுவும் சொல்லாத. அந்தாளு ஓவர்சியர். சிமெண்டுன்னு காதுல விழுந்தாலே நம்ம சாமானைத் தூக்கி வெளிய வச்சிருவாரு. அடுத்த மாசம் கையெழுத்துப் போடணும். ஞாபகம் இருக்கா?"

இருந்தது. சாமான்களைச் சாக்கில் கட்டி, கட்டிலைக் கழற்றி, புது வீட்டுச் சுவரில் எந்த ஆணி தாங்கும் என்று தட்டித் தட்டிப் பார்ப்பதெல்லாம் ஞாபகம் இருந்தது. போனை வைத்தாள். தண்ணீர் குடித்தாள். கீழ்வீட்டில் ஏறி நிற்கிற தண்ணீர் நினைவுக்கு வந்து, பாதிக் கோப்பையை வைத்துவிட்டாள்.

சாயங்காலம் ஐந்தரைக்கு வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பால்கனிக்குப் போனாள். எட்டு நீலத் தொட்டிகளும் காய வைத்த இடத்தில் வரிசையாக இருந்தன. தெருவில் போகிற யார் தலையைத் தூக்கினாலும் தெரியும். ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே கொண்டுவந்து, கட்டிலுக்கு அடியில் தள்ளி, முன்னால் பெட்டியை நிறுத்தினாள். மிச்சச் சிமெண்டுப் பையைப் பழைய போர்வையில் சுற்றிப் பரணில் போட்டாள். பால்கனித் தரையில் கிண்ணம் கிண்ணமாக வட்டத் தடங்கள் இருந்தன. மண்டியிட்டுத் தேய்த்தாள். ஈரத்துணியால்தான் தேய்த்தாள், தண்ணீர் ஊற்றப் பயம். நீலம் போகவில்லை. வாசல் மிதியடியை எடுத்து அதன்மேல் போட்டாள்.

அப்புறம்தான் முதல் மாடித் தொட்டி நினைவுக்கு வந்தது.

ஓனரம்மா அதைச் செருப்பு அலமாரியின் மேல், கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் வைத்திருந்தார். வீட்டுக்கு வருகிற போகிற எல்லாரிடமும் மேல்வீட்டுப் பெண் கையாலேயே செய்தது என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறவர். அவள் இறங்கிப்போய்க் கதவைத் தட்டி, தொட்டியின் விளிம்பு கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கிறது, எடுத்துப்போய்த் தேய்த்துத் தருகிறேன் என்றாள். ஓனரம்மா விடவில்லை. செடி இப்போதுதான் வேர் பிடித்திருக்கிறது, அசைத்தால் கோபித்துக்கொள்ளும் என்றார். உள்ளே வரச் சொல்லி, குரலைத் தாழ்த்தி, கீழ்வீட்டு விஷயம் தெரியுமா என்று கேட்டார். மாசக் கடைசிக்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளும்படி ஓனர் தையலக்காவிடம் சொல்லிவிட்டாராம். ஒரு தடவை என்றால் பொறுக்கலாம், இது இரண்டாம் தடவையாம். பாவம்தான், என்ன செய்வது என்று ஓனரம்மா பெருமூச்சு விட்டு, செடியின் இலையில் இருந்த தூசியை விரலால் துடைத்தார்.

அவள் படியேறி வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். இப்போதே போய்ச் சொல்லிவிடலாம். சொன்னால் நாளைக்கு நாம் எங்கே? கணவன் வரட்டும். வந்தால் வேண்டாம் என்பான். ஒருவேளை நிஜமாகவே நூலாக இருந்தால்? அந்த ஒரு யோசனையை மட்டும் அவள் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அது இன்னும் கொஞ்சம் நம்பும்படி இருந்தது.

கதவு தட்டுகிற சத்தம் கேட்டுத் திடுக்கிட்டாள். தையலக்கா நின்றார். நாள் முழுக்கத் தண்ணீர் இறைத்ததில் விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது.

"உக்காரக்கூட வரலம்மா, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாம்னுதான். என்னால உங்க எல்லாருக்கும் தொந்தரவு. காலையில தலைக்குத் தண்ணி ஊத்தினவ பாதியில எறங்கி வந்தியே, எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. மனசுல வச்சுக்காத."

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா."

"வடிகட்டிதான் வைக்கிறேன். எப்படிப் போச்சுன்னே தெரியல. இப்பெல்லாம் கண்ணு சரியாத் தெரியறதில்ல, விட்டிருப்பேன் போல."

உட்காருங்கக்கா, டீ போடறேன் என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய், அடுப்பைப் பற்றவைக்காமலே பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். தையலக்கா கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உன் ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு அறை கிடைக்குமா, இரண்டு மெஷின் போட இடம் இருந்தால் போதும் என்று கேட்டார். விசாரிக்கிறேன் என்றாள். கட்டிலுக்கு அடியில் பெட்டிக்குப் பின்னால் எட்டுத் தொட்டிகளும் இருந்த அதே அறையில் உட்கார்ந்து அவர் டீயைக் குடித்து முடித்தார். நல்லா இருக்கு என்றும் சொன்னார்.

கணவன் வந்ததும் இதைச் சொன்னாள். அவன் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான். "நாளைக்குப் பிளம்பர் எடுத்துப் போட்டுட்டா முடிஞ்சுது. யாரும் ஆராய்ச்சி பண்ணப் போறதில்ல" என்றான். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான்.

மறுநாள் எட்டு மணிக்குப் பிளம்பர் வந்தார். அவள் டாக்டரிடம் ஒரு மணி நேரம் தாமதமாக வருவதாகச் சொல்லியிருந்தாள். கணவன் ஆறு மணி ஷிப்டுக்குப் போய்விட்டிருந்தான். எதற்காக இறங்கிப் போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. சும்மா பார்க்க என்றுதான் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். படிக்கட்டின் கடைசித் திருப்பத்தில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிளம்பர் சுருள் கம்பியைக் குழாய்க்குள் விட்டுத் திருகினார். கொஞ்ச தூரம் போய் நின்றது. மறுபடி குத்தினார். டொக் டொக் என்று கேட்டது.

"நூலுன்னா கம்பியில சுத்திக்கிட்டு வந்திரும் சார். இது என்னமோ பாறை மாதிரி இடிக்குது. தரையை ஒடைச்சாத்தான் தெரியும்."

ஓனர் அசையவில்லை. பழைய குழாய், ஏதாவது கல் விழுந்திருக்கும், அதில் நூல் போய்ச் சுற்றி இறுகியிருக்கும், நூல் இல்லையென்றால் கல் தானாகப் போயிருக்கும் என்று விளக்கினார். பிறகு தையலக்காவிடம் திரும்பி, தரையை உடைக்க வேண்டியிருக்கிறது பார்த்தீர்களா, நான் சொன்னதில் மாற்றம் இல்லை, மாசக் கடைசி என்றார். சரிங்க என்று தையலக்கா தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை.

"அது கல்லு இல்ல சார்" என்றாள். தன் குரல் எங்கேயோ தூரத்தில் கேட்பது போல இருந்தது. "சிமெண்டு. நான் ஊத்தினது."

மூன்று பேரும் திரும்பினார்கள். கடைசிப் படிகளை இறங்கி வந்தாள்.

"தொட்டி செய்யறேன்ல. கழுவின தண்ணிய எங்க பாத்ரூம்ல ஊத்திட்டேன். மூணு ஞாயித்துக்கிழமை. தையலக்கா மேல தப்பு இல்ல. நேத்துக் காலையிலயே எனக்குத் தெரியும்."

ஓனர் அவளை மேலும் கீழும் பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. "என்ன கலவை?"

"சிமெண்டு ஒண்ணுக்கு மணல் ரெண்டு."

"ஒண்ணுக்கு ரெண்டு" என்று அவர் பிளம்பரைப் பார்த்துச் சொன்னார். "சாகும் வரைக்கும் நிக்கும். உளிதான்." பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது. முப்பது வருஷம் சிமெண்டோடு குடித்தனம் நடத்தியவன் தலைக்கு மேலேயே இதைச் செய்தீர்களா என்று ஆரம்பித்து, படித்த பெண், ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற பெண் என்று அடுக்கிக்கொண்டே போனார். அவள் குனிந்த தலையோடு கேட்டுக்கொண்டாள். அவர் திட்டத் திட்ட மூச்சுவிடுவது லேசாகிக்கொண்டுதான் வந்தது, தையலக்கா பேசும் வரைக்கும்.

"நேத்து நான் மேல வந்து உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டேன்" என்றார் தையலக்கா. அவர் அவளை 'நீங்கள்' என்றது அதுதான் முதல் தடவை. "நீங்க டீ போட்டுக் குடுத்தீங்க."

அவ்வளவுதான் சொன்னார். அறைக்குள் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

தரையை உடைக்க மதியம் ஆயிற்று. குழாய் வளைகிற இடத்தில் சிமெண்டு கெட்டியாகி, வளைந்த வடிவத்திலேயே ஒரு முழு வாழைப்பழ நீளத்துக்கு வந்தது. வெளிறிய நீலம். பிளம்பர் அதைக் கழுவிக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, இதிலும் ஒரு ஓட்டை போட்டால் செடி வைக்கலாம் என்றார். யாரும் சிரிக்காததால் அதைச் சாக்குக்குள் போட்டுக்கொண்டார். குழாயில் நூலும் இருக்கத்தான் செய்தது, நாலைந்து இழை. ஓனர் அதைக் கவனித்தார். படியேறிப் போனார்.

அன்று சாயங்காலம் கணவனிடம் நடந்ததைச் சொல்லும்போது அவன் சத்தம் போடுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "நான் ஊத்தினதையும் சொன்னியா?" சொல்லவில்லை என்றாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு முதல் மாடிக்குப் போனான். கால் மணி நேரம் கழித்துக் காதெல்லாம் சிவந்துபோய் வந்தான். "நல்லாக் கழுவி ஊத்திட்டாரு" என்றான். "அப்புறம் உக்கார வச்சு, சிமெண்டுத் தண்ணியை எப்படித் தேக்கணும்னு பேப்பர்ல படம் போட்டுக் காட்டினாரு." கட்டடத்துக்குள் இனிச் சிமெண்டு கலக்கக் கூடாது, உடைத்த தரையை இவர்கள் செலவில் பூசித் தர வேண்டும், இந்த இரண்டுக்கும் ஒத்துக்கொண்டால் அடுத்த மாதம் கையெழுத்துப் போடலாம் என்று சொல்லியிருந்தார். அவளுக்கு நம்பவே முடியவில்லை. இரண்டு நாளாகக் கட்டிலைக் கழற்றுகிற சத்தம் காதில் கேட்டுக்கொண்டேயிருந்தது. அது அன்றுதான் நின்றது.

மறுநாள் ஓனர் தையலக்காவிடமும் போனார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. நீங்கள் இருங்கள், ஒன்றும் பிரச்சினை இல்லை என்று மட்டும் சொன்னார். தையலக்கா இல்லைங்க, இடம் பார்த்துவிட்டேன் என்றார். நிஜமாகவே பார்த்திருந்தார். செவ்வாய்க்கிழமையே போய், ஒரு காய்கறிக் கடைக்குப் பின்னால் இருந்த அறையைப் பேசி முடித்துவிட்டு வந்திருந்தார். அவள் மூன்று தடவை கீழே போனாள். மூன்று தடவையும் உள்ளே வாங்க என்றார், உட்காருங்க என்றார், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே பதில் சொன்னார். போகாதீங்கக்கா என்று அவள் கேட்டபோது, உங்கள் மேல் கோபம் எதுவும் இல்லை, அந்த இடத்தில் ஜன்னல் பெரிசு, வெளிச்சம் நன்றாக வருகிறது என்றார். அது உண்மையா, சமாதானமா என்று அவளுக்குப் புரியவில்லை.

எட்டுத் தொட்டிகளையும் பல் மருத்துவமனைக்குக் கொண்டுபோய் வைத்தாள். டாக்டருக்கு மிகவும் பிடித்துவிட்டது. இன்னும் நான்கு கேட்டார். இனிமேல் செய்வதாக இல்லை என்று சொன்னாள். காரணம் கேட்டார். கலக்க இடம் இல்லை என்றாள்.

மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கீழே சின்ன லாரி வந்து நின்றது. அவள் கூப்பிடாமலே இறங்கிப் போனாள். கணவனும் பின்னால் வந்து துணி மூட்டைகளை ஏற்றினான். பெரிய மெஷினை மட்டும் யாரும் தொட வேண்டாம், நானே தூக்குகிறேன் என்றார் தையலக்கா. இரும்புக் கால் வைத்த பழைய மெஷின். ஒருவர் தூக்குகிற கனம் இல்லை. முயன்று பார்த்துவிட்டு, நிமிர்ந்து, வாசலில் நின்றுகொண்டிருந்த அவளைப் பார்த்தார்.

"அந்தப் பக்கம் பிடிங்க" என்றார்.

அவள் பிடித்தாள். இருவருமாக வாசல்படி இறக்கி, தெருவைத் தாண்டி, லாரியின் விளிம்பில் ஏற்றி வைத்தார்கள். மெஷின் ஆடாமலிருக்கத் தையலக்கா சுற்றிலும் துணி மூட்டைகளை அடைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். ஓட்டுநர் கிளம்பலாமா என்று கேட்டார். தையலக்கா அவள் கணவனிடம், போய் வருகிறேன் என்று சொல்லி, அவளைப் பார்த்தும் தலையசைத்தார். லாரி சந்து முனையில் திரும்பும்வரை அவள் தெருவில் நின்றாள். பிறகு காலியான முன்னறைக்குள் போய், தரையில் சிதறிக் கிடந்த துணி வெட்டுகளையும் நூல்களையும் கூட்டி அள்ளினாள்.